இருபதாயிரம் எழுத்துகள்: உடனடிப் பயன் கருதா ஆய்வும் மொழியும்



ஒரு நூலை ஆழ்ந்து கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று பாராட்டுவது நம் வழக்கம். எவரும் உண்மையில் எழுத்துகளை எண்ணுவதில்லை, அது புகழ்மொழி. ஆனால் ஒரு காப்பியத்தை எடுத்து அதன் எழுத்துகளை ஒன்று, இரண்டு என மெய்யாகவே எண்ணிய ஒருவர் இருந்தார். அவர் புலவர் அல்லர், கணிதவியலாளர். அவர் எண்ணியதால் அவர் வாழ்ந்த காலத்தில் எவருக்கும் ஒரு காசு பயனும் விளையவில்லை. இன்று உங்கள் கைப்பேசி நீங்கள் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்குகிறதென்றால், அதன் வேர்களுள் ஒன்று அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. பயன் எப்போது வரும், வருமா என்றே அறியாமல் செய்யப்படும் ஆய்வைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். இத்தகைய பேச்சுகளில் இராமானுஜனைச் சொல்வது வழக்கம். அவர் கதை உங்களுக்குத் தெரியும் என்பதால், மொழிக்கு நெருக்கமான வேறொரு கதையை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் பெயர் ஆந்திரேய் மார்க்கோவ். 1856ஆம் ஆண்டில் பிறந்தவர், உருசிய நாட்டவர். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த பேரரசு அறிவியல் கழகத்தின் அவையில் அவர் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். ஆய்வுப் பொருள், புஷ்கின் இயற்றிய 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுள் நவீனம். அதன் முதல் இயலையும், இரண்டாம் இயலின் பதினாறு செய்யுள்களையும் எடுத்துக்கொண்டு, ஒலிப்பில்லாத இரு குறிகளை நீக்கிவிட்டு, 20,000 எழுத்துகளை வரிசையாக எழுதினார். சொற்களுக்கு இடையிலுள்ள வெளி, நிறுத்தக்குறி எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து என நூறு எழுத்துகள் கொண்ட கட்டங்களாக அவற்றைப் பிரித்தார். இருநூறு கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையால் எண்ணினார். புஷ்கினின் கவித்துவத்தைப் பற்றி அந்த உரையில் ஒரு சொல்லும் இல்லை.

ஏன் இப்படி ஒரு வேலை? அதன் பின்னணியில் ஒரு சண்டை இருந்தது. மாஸ்கோவில் பாவெல் நெக்ரசோவ் என்னும் கணிதவியலாளர் இருந்தார். சமயப் பற்று மிக்கவர். திருமணம், குற்றம் முதலிய மனிதச் செயல்களின் சராசரி ஆண்டுதோறும் பெரிதும் மாறாமல் இருப்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன அல்லவா? சராசரி இவ்வாறு நிலைபெற வேண்டுமானால் தனித்தனி நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்று அவர் கொண்டார். மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், மனிதனுக்குத் தன்விருப்புரிமை உண்டு என்பது கணிதத்தாலேயே மெய்ப்பிக்கப்படுகிறது என்பது அவர் முடிவு. மார்க்கோவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்தவர்; 1912ஆம் ஆண்டில், தம்மைச் சபையிலிருந்து நீக்கிவிடுமாறு தாமே விண்ணப்பித்தவர். ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறும் என்பதை 1906ஆம் ஆண்டிலேயே கணித வழியில் நிறுவியிருந்தார். அதற்கு மெய்யான எடுத்துக்காட்டு ஒன்று வேண்டியிருந்தது. மொழியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறு எது? ஓர் எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்பது முன்னெழுத்தைச் சார்ந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

எண்ணிக்கையின் விளைவு இது. 20,000 எழுத்துகளில் உயிர் 8,638, மெய் 11,362. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஓர் எழுத்தைத் தொட்டால் அது உயிராக இருப்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 43. எழுத்துகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், உயிரை அடுத்து உயிர் வரும் இடங்கள் ஏறத்தாழ 3,730 இருந்திருக்க வேண்டும். எண்ணியபோது கிடைத்தவையோ 1,104 மட்டுமே. ஓர் உயிர் வந்த பின் அடுத்தும் உயிரே வரும் வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவில்தான் இருக்கிறது. மெய் வந்த பின் உயிர் வரும் வாய்ப்போ நூற்றுக்கு 66 ஆகிவிடுகிறது. சார்பு தெளிவாக இருக்கிறது. ஆயினும் சராசரி நிலையாக நிற்கிறது. நெக்ரசோவின் வாதம் விழுந்தது. மார்க்கோவ் அதோடும் நிற்கவில்லை. அக்சாகோவ் என்னும் எழுத்தாளரின் உரைநடை நூலிலிருந்து 100,000 எழுத்துகளை எடுத்து மறுபடியும் எண்ணினார். இப்படிப்பட்ட பிடிவாதம் உடையவர்களோடு ஒரே துறையில் பணியாற்றுவது எளிதன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளைத் 'தொலைநோக்கு ஆய்வு' என்று பின்னாளில் புகழ்கிறோம். மார்க்கோவுக்குத் தொலைநோக்கு ஏதும் இருந்ததாக நாம் கருதவில்லை. பேசும் பொறி, எழுதும் பொறி எதையும் அவர் கனவு கண்டாரல்லர். ஒரு பிழையான வாதத்தை முறியடிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தொலைவிலிருந்த பயன் அவர் கண்ணில் பட்டதே இல்லை. 1922ஆம் ஆண்டில் அவர் மறைந்துவிட்டார்.

எழுத்துக்குப் பின் எழுத்து என்றதும் தமிழ் கற்றோர் மனத்தில் வேறொன்று தோன்றியிருக்கும். தொல்காப்பியர் நூன்மரபில் மெய்ம்மயக்கம் கூறுகிறார். எந்த மெய்யின் பின் எந்த மெய் வரும், எது தன்னோடு தான் மட்டுமே மயங்கும், எது தன்னோடு தான் மயங்காது என்று வகுத்துச் செல்கிறார். க், ச், த், ப் ஆகியவை தம்மோடு தாமே மயங்கும்: பக்கம், அச்சம், பத்து, உப்பு. பிறவற்றோடு அவை மயங்குவதில்லை. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் மயங்கா. மூன்று மெய்கள் அடுத்தடுத்து வருவதும் ய், ர், ழ் என்பவற்றுக்குப் பின்னரே. 'வாழ்க்கை' என்னும் சொல் அதற்குச் சான்று. உயிரை அடுத்து உயிர் வருமிடத்தில் உடம்படுமெய் தோன்றுகிறது. அதனை யகரம், வகரம் என்று நன்னூலார் பெயர் சுட்டுகிறார். 'மணி' என்பதோடு 'அடித்தான்' சேர்ந்தால் 'மணியடித்தான்'. ஆகவே மார்க்கோவ் உருசிய மொழியில் 1,104 முறை கண்ட உயிர்-உயிர் இணை, தமிழ்ச் சொல்லுக்குள் அளபெடையும் அயற்சொற்களும் நீங்கலாக இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். 'அவன் வந்தான்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்மெய்யைப் பிரித்தால் அ, வ், அ, ன், வ், அ, ந், த், ஆ, ன் எனப் பத்து ஒலிகள். உயிர் நான்கு, மெய் ஆறு. அடுத்தடுத்த இணைகள் ஒன்பது. அவற்றுள் உயிருக்குப் பின் மெய் வருவன நான்கு. மெய்க்குப் பின் உயிர் வருவன மூன்று. மெய்க்குப் பின் மெய் வருவன இரண்டு. உயிருக்குப் பின் உயிர் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தை இவ்வாறு நான்கு மாணவர்கள் பகிர்ந்துகொண்டு எண்ணினால் ஒரு பாடவேளை போதும். உடம்படுமெய் எதற்கு என்று பிறகு எவரும் கேட்கமாட்டார்.

தொல்காப்பியருக்கும் மார்க்கோவுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைத்துவிடக் கூடாது. தொல்காப்பியர் வரும், வாராது என்கிறார். மார்க்கோவ் எத்தனை முறை வரும் என்கிறார். முன்னது இலக்கணம், பின்னது நிகழ்தகவு. மார்க்கோவ் கண்டதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அப்படிப் பேசுவதால் இருவருக்குமே நாம் நீதி செய்யவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவரும் தம் மொழியை உற்று நோக்கியபோது, அதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. இன்று 'பக்தி', 'சக்தி' போன்ற சொற்களில் ககர மெய்யின் பின் தகரம் வருவதைக் கண்டு, இவை கடன்சொற்கள் என்று ஒரு கணினி நிரலால் தானே அடையாளம் காண முடியும். அந்த நிரலுக்குத் தேவையான பட்டியல் நூன்மரபில் இருக்கிறது.

மீண்டும் கதைக்கு வருவோம். எண்ணிக்கை நூல் வடிவில் உறங்கிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், செய்தித் தொடர்பின் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். கம்பி வழியாகச் செல்லும் செய்தியை எவ்வளவு சுருக்கலாம், இரைச்சலிலிருந்து எவ்வாறு காக்கலாம் என்பவை அவர் வினாக்கள். மொழியை மார்க்கோவின் சங்கிலியாகப் பார்த்தால் அவற்றுக்கு விடை கிடைக்கும் என்று அவர் கண்டார். அவர் கையாண்ட முறை வேடிக்கையானது. ஒரு நூலை ஏதேனும் ஒரு பக்கத்தில் திறந்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்தைத் திறந்து, அந்த எழுத்து வரும்வரை படித்து, அதனை அடுத்துள்ள எழுத்தைக் குறிக்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால், ஆங்கிலம் அல்லாத, ஆனால் ஆங்கிலம் போன்ற ஓர் எழுத்துத் தொடர் உருவாகும். எழுத்துக்குப் பதிலாகச் சொல்லை எடுத்தால் இன்னும் ஆங்கிலம் போல ஆகிவிடும். 1951ஆம் ஆண்டில் அடுத்த எழுத்தை மனிதர்களை ஊகிக்கச் சொல்லி, அவர்கள் எத்தனை முயற்சியில் சரியாகச் சொல்கிறார்கள் என்று அளந்தார். மார்க்கோவின் எண்ணிக்கைக்கும் இதற்கும் இடையில் 35 ஆண்டுகள். ஒரு புரட்சி, இரண்டு உலகப் போர்கள்.

மொழியியலாளர்கள் இதனை வரவேற்றார்களா? பெரும்பாலோர் இல்லை. 1957ஆம் ஆண்டில் நோம் சாம்ஸ்கி, இத்தகைய சங்கிலிகளால் மனித மொழியின் தொடரமைப்பை விளக்க முடியாது என்று வலுவாக வாதிட்டார். அவர் வாதத்தைத் தமிழில் இப்படிக் காட்டலாம்: 'அவள், தன் தம்பி ஊரிலிருந்து அனுப்பிய கடிதத்தை அம்மா படித்து முடித்த பிறகு அழுதாள்.' இறுதியிலுள்ள 'அழுதாள்' என்னும் முற்று பெண்பால் விகுதி பெற்றது தொடக்கத்திலுள்ள 'அவள்' என்னும் எழுவாயால். 'பிறகு' என்னும் அண்டைச் சொல்லை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உறவு தெரியாது. இலக்கணம் என்ற நிலையில் சாம்ஸ்கி கூறியது சரி. நாம் அதனை வகுப்பில் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறோம், இன்றும் கற்பிப்போம். ஆனால் ஒரு கருவி இலக்கணத்தை முழுமையாக விளக்காது என்பதற்காக அது எதற்கும் உதவாது என்றாகிவிடாது. அந்தத் தாவல் பலரிடம் நிகழ்ந்தது.

நிதி வழங்கியோரின் பொறுமையும் நீடிக்கவில்லை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு, பொறிவழி மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்பைவிட மெதுவானது, பிழை மிக்கது, செலவும் கூடியது என்று அறிக்கை தந்தது. அதன் பின் அத்துறைக்குரிய அரசு நிதி பெரிதும் வற்றியது. அக்குழுவின் தலைவர் ஜான் பியர்ஸ். அவரே 1969ஆம் ஆண்டில், பேச்சை உணரும் பொறி என்னும் முயற்சியையும் கடுமையாகச் சாடி ஓர் அறிவியல் இதழுக்கு மடல் எழுதினார். பியர்ஸ் குறுகிய பார்வையுடையவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஷானனோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். செயற்கைக்கோள் வழித் தொலைத்தொடர்பின் முன்னோடிகளுள் ஒருவர். 1966ஆம் ஆண்டின் நிலையை அவர் குழு பிழையாகவும் சொல்லவில்லை. அன்றைய மொழிபெயர்ப்புப் பொறிகள் உண்மையிலேயே மோசமானவை. மொழியின் அடிப்படை ஆய்வுக்கு ஆதரவு தர வேண்டும் என்றும் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. நிதி வழங்கியோர் முதற்பகுதியை மட்டுமே படித்தார்கள் போலும். அறிக்கைகளுக்கு நேரும் பொதுவான கதி அது.

அதே ஆண்டுகளில், பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் லெனார்டு பாம் என்பவரும் அவருடைய குழுவினரும் மார்க்கோவின் சங்கிலிக்குப் புதிய கணிதம் வகுத்தனர். நிலைகள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். அவற்றின் விளைவு மட்டுமே தெரியும். விளைவைக் கொண்டு நிலையை ஊகிக்க வேண்டும். பேச்சும் அப்படித்தானே! செவியில் விழுவது ஒலி அலை, மறைந்திருப்பது சொல். 1970களில் ஜேம்ஸ் பேக்கர் என்னும் ஆய்வு மாணவர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலும், பிரெடரிக் ஜெலினெக் என்பவர் ஐபிஎம் நிறுவனத்திலும் இக்கணிதத்தைப் பேச்சுணர்தலுக்குப் பயன்படுத்தினார்கள். 1980களின் இறுதியில் அதே ஐபிஎம் குழு மொழிபெயர்ப்புக்கும் வந்தது. அதற்கு அவர்கள் கையாண்ட தரவு, கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகள். உறுப்பினர் பேசியதை இரு மொழிகளிலும் முறையாகப் பதிந்து வைத்த எழுத்தர்கள், தாம் மொழிபெயர்ப்புப் பொறிக்கு உணவு சமைக்கிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் மார்க்கோவ் சங்கிலியே என்று சொல்வது பிழை. அவர் ஓரிரு எழுத்துகளைத்தான் திரும்பிப் பார்த்தார். இவை ஆயிரக்கணக்கான சொற்களைத் திரும்பிப் பார்க்கின்றன. தொலைவிலுள்ள 'அவள்' இறுதியிலுள்ள 'அழுதாள்' என்பதோடு தொடர்புடையது என்பதையும் பழக்கத்தால் கற்றுக்கொள்கின்றன. ஆனால் வினா மாறவில்லை: இதுவரை வந்தவற்றைக் கொண்டு, அடுத்து வருவது எது?

தமிழுக்கு வருவோம். இங்கே வேறு இடர்கள் உள்ளன. ஆங்கிலத்தில் சொல்லை எண்ணுவது எளிது. தமிழில் 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது எழுத்தில் ஒரே சொல்லாக நிற்கிறது. எத்தனை நூல்களை அலசினாலும் அது ஓரிரு முறைதான் அகப்படும், அகப்படாமலும் போகும். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிக்கத் தெரியாத பொறி தமிழை எண்ண முடியாது. பகுபத உறுப்பிலக்கணத்தை மனப்பாடச் சுமை என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். கணினி மொழியியலில் பணியாற்றச் செல்லும் மாணவர் முதலில் தேடுவது அதைத்தான்.

இரண்டாவது இடர், நம் இரட்டை வழக்கு. எழுத்துத் தமிழில் நிறைய நூல்கள் மின்வடிவில் உள்ளன. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். இன்று அத்தொகுப்பு எண்ணுவதற்கும் உதவுகிறது. ஆனால் மக்கள் பேசுவது அந்தத் தமிழ் அன்று. 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் நல்ல பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்த இடைவெளியை உணர்ந்துதான். பிள்ளை பேசுவதைப் பொறி உணர வேண்டுமானால், பலர் பேசிய பேச்சு, பல ஊர்ப் பேச்சு, பல அகவையினரின் பேச்சு ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். அத்தகைய பதிவுகள் நம்மிடம் குறைவு. ஏன் குறைவு என்றால், பதிய வேண்டிய காலத்தில், 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேட்காமல் பதிந்தவர்களும் இருந்தார்கள். கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வின் தொடர்பில் 1913 முதல் 1929 வரை இசைத்தட்டுகளில் பேச்சுகள் பதியப்பட்டன. அவற்றுள் தமிழும் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய தமிழரின் குரல் இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. மற்றொருவர் மரே எமனோ. 1935ஆம் ஆண்டில் நீலகிரிக்கு வந்து, தோடர், கோத்தர் முதலியோரிடையே மூன்றாண்டுகள் தங்கினார். தோட மொழி பேசியோர் அன்று ஆயிரத்தை எட்டாதவர்கள், அம்மொழிக்கு எழுத்தில்லை. அவர் குறித்துச் சென்ற பாடல்கள் 1971ஆம் ஆண்டிலும், இலக்கணமும் உரைப்பகுதிகளும் 1984ஆம் ஆண்டிலும் நூல்களாயின. குறிப்பேட்டிலிருந்து நூலாவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! எந்த நிதிக் கழகம் இதற்கு இசையும்? ஆனால் எமனோவும் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, சில நூறு பேர் மட்டுமே பேசிய மொழிகளின் சொற்களும் தமிழ்ச் சொற்களுக்கு அருகில் வரிசை பெற்று நின்றன. தமிழ்ச் சொல்லின் வரலாற்றை அதன் பின் எவரும் தமிழை மட்டும் வைத்து எழுத முடியவில்லை.

இனி எதிர்வாதம். உடனடிப் பயன் தராத ஆய்வெல்லாம் ஒருநாள் பயன் தரும் என்று நாம் சொல்லவில்லை. அது உண்மையன்று. மார்க்கோவின் பெயர் நிலைத்ததால் அவர் கதையைச் சொல்கிறோம்; அவர் காலத்தில் எண்ணிக் களைத்து மறைந்தவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை. அன்றைய ஆய்வுகளுள் எது நூறாண்டுக்குப் பின் பயன்படும் என்று 1913ஆம் ஆண்டில் வாக்கெடுத்திருந்தால், புஷ்கினின் உயிரெழுத்துகளுக்கு வாக்கு விழுந்திருக்காது. பொதுப்பணத்தைக் கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பதும் முறைதான். மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நாமும் மருத்துவமனையைத்தான் தேர்ந்தெடுப்போம். ஆனால் பெரும்பாலும் கேள்வி அப்படி வருவதில்லை. மார்க்கோவின் ஆய்வுக்குத் தேவைப்பட்டவை தாள், பேனா, ஒரு நூல், ஓய்வு நேரம். எமனோவுக்கு மூன்றாண்டு உணவும் உறையுளும். இத்தகைய ஆய்வுகள் செலவு மிகுந்தவை அல்ல. விடை தர நேரம் எடுப்பவை. நம் கருத்தில், தடையாக இருப்பது பணத்தைவிடப் படிவங்களே. படிவத்தில் மூன்றாண்டுகளுக்குள் விளையும் பயன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உண்மையை எழுதுபவர் தோற்பார்; கற்பனையை எழுதுபவர் வெல்வார். பயனைப் பற்றிய அந்தக் கேள்வி ஆய்வாளர்களைப் பொய் சொல்லப் பழக்குகிறது என்பதே நம் முதன்மையான குறை.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சன்று. பல ஆண்டுகளுக்கு முன் தீபகற்ப மலேசியாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைப் பதிவதற்கு ஒரு திட்டம் வகுத்து ஓர் அமைப்பிடம் விண்ணப்பித்தோம். தோட்டத்துத் தமிழில் தனிச் சொல்வளம் உண்டு. பால்மரம், மங்கு, ஒட்டுப்பால், கோட்டுப்பால், பெரட்டு, லயம், கிராணி, கங்காணி; இவற்றுள் சில தமிழகத்தில் வேறு பொருளில் வழங்கும், சில வழங்கவே மாட்டா. பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே லயத்தில் வாழ்ந்ததால் அவர்களின் வழக்குகள் கலந்து உருவான பேச்சு அது. மலாய்ச் சொற்களும் அதில் உண்டு. கிளைமொழிகள் எவ்வாறு கலந்து சமன்படுகின்றன என்பதை அறிய அதைவிட நல்ல களம் கிடைக்காது. 'உடனடிப் பயன் தெளிவாக இல்லை' என்று ஒருவரி விடை வந்தது. அன்று பேசக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவர்கள் எந்த இடத்தில் ஒலியை நீட்டினார்கள், 'வந்திட்டாங்க' என்பதை எப்படிச் சொன்னார்கள் என்பதை இனி எந்தக் கணிதத்தாலும் மீட்க முடியாது. எண்ணுவதற்கு முதலில் எழுத்துகள் இருக்க வேண்டும். மார்க்கோவுக்குப் புஷ்கின் இருந்தார்.

எஞ்சியவர்கள் சிலர் உள்ளனர். உங்கள் மாணவர்களின் தாத்தா, பாட்டிகள் அவர்கள். ஆகவே ஆசிரியர்களிடம் நம் வேண்டுகோள் எளியது. விடுமுறைப் பணியாக, வீட்டிலுள்ள ஒரு முதியவரிடம் அரைமணி நேரம் பேசி, கைப்பேசியில் பதியச் செய்யுங்கள். நேர்காணல் போல் கேள்விகளை அடுக்க வேண்டாம். சமையல், வேலை, திருவிழா, பயணம் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; தொலைக்காட்சியையும். இடையில் அவர் பேச்சைத் திருத்த வேண்டா. 'வாழைப்பழம்' என்பதை அவர் 'வாளப்பளம்' என்று சொன்னால் நமக்கு வேண்டியது அதுவே. தொடங்கும் முன் அவரது இசைவைக் கேட்டு, அவர் தரும் இசைவையும் அதே பதிவில் சேருங்கள். பதிவோடு ஒரு தாளில், அல்லது கோப்பின் பெயரிலேயே, பேசியவரின் அகவை, பிறந்த ஊர், வளர்ந்த தோட்டம் அல்லது வட்டாரம், பெற்றோரின் ஊர், அவர் அறிந்த பிற மொழிகள், பதிந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இக்குறிப்பு இல்லாத பதிவு, ஆய்வாளருக்குப் பாதி மௌனம். குடும்பம் விரும்பாவிட்டால் பெயர் வேண்டியதில்லை. ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். பள்ளி நூலகத்தில் ஒன்று இருப்பது நல்லது.

இதனை யார் கேட்பார், எதற்குப் பயன்படுத்துவார் என்று மாணவர்கள் உங்களைக் கேட்பார்கள். தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு 'அவன் வந்தான்' என்று கரும்பலகையில் எழுதி, எண்ணத் தொடங்குங்கள்.